நடுங்குதா, துடிக்குதா, உதறுதா

9 ஜனவரி 1966, முதுநகர்

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திய காலத்தில், ஒன்பதாம் வகுப்பில் இருசம்மாள் என்று ஒருத்தி. ஒருநாள் எழுந்து நின்று, "குளிருக்கும் நடுங்குறோம், பயத்துக்கும் நடுங்குறோம். ரெண்டுக்கும் ஒரே சொல்லு எப்டி டீச்சர் போதும்?" என்று கேட்டாள். என்னவோ பதில் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

இன்று மாலை பக்கத்து வீட்டு சர்புன்னிசா நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். மடியில் கிடந்தவரை என் வலக்கை சும்மா இருந்தது. கிண்ணத்தை வாங்கப் போனதும் ஆட்டம்.

"இன்னா டீச்சரம்மா, கஞ்சியப் பாத்து பயமா?"

மார்கழிக் குளிர் என்றேன். நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

11 ஜனவரி

இலை அசையும். வீணைத் தந்தி அதிரும். கரையில் போட்ட மீன் துடிக்கும். நனைந்த நாய் உதறும். இன்ஸ்பெக்டர் வந்தால் தலைமையாசிரியை நடுங்குவார். இதில் என் கை எது?

'நடுங்கு' எங்கே பிறந்தது என்று தேடினேன், பிடி கிடைக்கவில்லை. ஆனால் பழைய இலக்கணத்தில் 'நடுங்க' என்பது உவம உருபு. 'போல' என்று பொருள். நிலவு நடுங்கும் முகம் என்றால் நிலவு போன்ற முகம். ஏன்? அவள் முகத்தைப் பார்த்ததும், தன் வேலை போய்விடுமோ என்று நிலவுக்கு உதறல் எடுத்திருக்கும். இது என் ஊகம். கேட்க ஆளில்லாத ஊகம்.

16 ஜனவரி, மேல்பட்டாம்பாக்கம்

பொங்கலுக்குத் தம்பி கலியமூர்த்தி வீட்டில் இருக்கிறேன். அவன் மனைவி மங்கலத்துக்கு எச்சில் ஆகாது. இந்த வீட்டில் டம்ளரில் உதடு படக் கூடாது. காபியானாலும் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்ள வேண்டும். கூடத்தில் எல்லாரும் பார்க்க அண்ணாந்தேன். பாதி மூக்கில், மீதி புதுப் புடவையில்.

"அய்யய்யோ, உங்க அக்காவுக்குக் கை இன்னாமா உதறுது!" என்றாள் மங்கலம்.

கலியன் உடனே ஆரம்பித்தான். "தனியா இருந்தது போதும்க்கா. முதுநகர் வூட்டப் பூட்டிட்டு இங்க வந்துடு."

வந்துடவா? மிச்ச காலத்தை அண்ணாந்தே தள்ளவா? முடியாதுடா. குளிர்தான் என்று சாதித்துவிட்டேன்.

19 ஏப்ரல், முதுநகர்

கலியன் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் சாமான் ஏற்ற வண்டியோடு வருகிறானாம். இந்த வெயிலில் குளிர் என்று யாரிடம் சொல்வது?

21 ஏப்ரல்

சர்புன்னிசா என்னைச் சிதம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் கேட்டார்: "நடுங்குதா, துடிக்குதா, உதறுதா?"

அடடா, சொல்லின் அருமை தெரிந்த மனுஷன்! "எதையாவது எடுக்கப் போனால் நடுங்குகிறது. சும்மா இருந்தால் இல்லை" என்றேன். கோடு போடச் சொன்னார். கடற்கரை அலை மாதிரி வந்தது.

"இது ஆளக் கொல்லாதும்மா. குடும்பத்துல வர்றது. கூடப் பொறந்தவங்களுக்கு இருக்கா?"

"இல்லை, எனக்கு மட்டும்தான்."

ரயிலில் திரும்பும்போதுதான் உறைத்தது. கலியன் நாலு பேர் முன்னால் காபி குடித்து நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று? பொங்கலன்றுகூட டம்ளரைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் நழுவினான். அடப்பாவி!

24 ஏப்ரல்

வந்தார்கள், இருவரும். வண்டிக்காரர் வாசலில். நான் டம்ளர் நிறையக் காபி கொண்டுபோய் டபராவோடு கலியன் முன்னால் வைத்தேன்.

"வேணாம்க்கா, இப்பதான்..."

"குடிடா. இது என் வீடு. வாய் வெச்சே குடி."

எடுத்தான். டம்ளர் டபராவில் கடகடவென்று அடித்துக்கொண்டது. மங்கலம் வாயில் கை வைத்தாள். "இன்னாங்க இது, உங்களுக்குமா?"

"ரொம்ப நாளா கொட்டாயில போய்தான்டி குடிக்கிறேன். உன் சட்டத்துக்குப் பயந்துக்கினு."

"அப்ப ரெண்டு பேர் வீட்டையும் பூட்டணும். யார் வீட்டுக்குப் போறது?" என்றேன்.

கலியன் வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம் பேசினான். வண்டி காலியாகத் திரும்பியது.

8 மே

இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் கலியன் ஒண்டியாக வந்துவிடுகிறான். வீட்டைப் பூட்டும் பேச்சே இல்லை. டபராவில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சுகிறான்.

"மங்கலம் எனக்குன்னு தனி டம்ளர் வெச்சிட்டாக்கா. வாய் வெக்கலாமாம்" என்றான், வெட்கத்தோடு. "ஒனக்கும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கா."

என் கை இன்றும் ஆடுகிறது, இந்த வரியிலேயே தெரியும். சிரிக்கிறவர்களுக்கு ஒன்று: கையை முன்னால் நீட்டி, விரல்களின் மேல் ஒரு மெல்லிய தாளைப் போட்டு, அதன் ஓரம் ஆடுவதைப் பாருங்கள்.