நீங்கள் கேட்ட விடுவிப்பு

பிரிட்டோரியா, செவ்வாய்

தியாமிகேயின் அப்பாவுக்கு,

சியோனே வணங்கி எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலமாகவே இருக்கிறேன்.

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஆய்வு உதவித்தொகை அலுவலகத்துத் திருமதி மொலேஃபே என்னைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்காளாமே? உங்களை விடுவிச்சு ஊருக்கு அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் எழுதியிருக்கார்" என்றார். உடனே நம்மூர் சோம்பாவில் தியாமிகேயின் பள்ளிக்குப் போன் போட்டேன்.

"அவ வெளியில பந்து விளையாடிட்டிருக்காம்மா, கூப்பிடவா?" என்றார் டீச்சர்.

பதினேழு வருஷம் நிலக்கடலைப் பூஞ்சையோடு மல்லுக்கட்டி, நாற்பத்தைந்து வயதில் வாங்கிய இடம் இது. பெற்ற பிள்ளையை நோயாளியாக்கி இதைப் பிடுங்கப் பார்த்தீர்கள். "நீ இல்லாம முடியல, வந்துடு" என்று என்னிடமே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனாலும் உங்களை மதித்திருப்பேன்.

இதைக் கொண்டுவரும் நண்பர் திரும்பும்போது நம் ஏரி உசிப்பா மீன் கருவாடு கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். இங்கே மதியச் சாப்பாட்டுக்கு என் மேசைக்கு யாரும் வருவதில்லை. கருவாட்டு வாடை அடித்தால் அதற்கு ஒரு காரணமாவது கிடைக்கும். தியாமிகேயின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லுங்கள், செருப்பு வாங்க வேண்டும்.

நண்பர் பஸ்ஸுக்கு நேரமாச்சென்று அவசரப்படுத்துகிறார். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டாம் வருஷம் குடும்பத்தில் இருவரை இங்கே அழைத்துக்கொள்ளலாமாம். விண்ணப்பத்தில் நான் ஒரு பெயர்தான் எழுதினேன். டிசம்பரில் வந்து அவளை அழைத்துக்கொள்கிறேன்.

சியோனே