மூடினதையே போடுங்க

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

கேத்தல் கழுவும் நாள். மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்த் தோலைப் போட்டுக் கொதிக்க வைக்காவிட்டால் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டிவிடும். அலுவிகாரையில் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். மண்ணுக்குள் சுண்ணாம்புக் கல், தண்ணீர் மட்டும் வேறு எப்படி இருக்கும். கலியாணமான புதிதில் இவர், ஷிஹாம், கேத்தலுக்குள் எட்டிப் பார்த்து, இதற்கும் வெள்ளையடித்துவிட்டாயா என்று கேட்டார்.

பகல் சாப்பாட்டுக்கு ஸுஹைல் நானா வந்தார். என் கூடப்பிறந்த நானாவா, இவருடைய கூட்டாளியா என்று சில நேரம் எனக்கே சந்தேகம். ரெண்டு பேரும் சோற்றைப் பிசைந்தபடியே கார்க் கதை. இவருடைய பழைய சிவிக் காருக்கு டேர்போ பூட்டப் போகிறார்களாம். ஆகஸ்ட் கடைசியில் மலையேற்றக் கார்ப் போட்டி. மிளகும் கிராம்பும் விற்கிற மனுஷனுக்கு இது எதற்கு என்று கேட்டேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். முடிவெடுத்தாகிவிட்டது.

பெப்ரவரி 16

நானாவின் கராஜுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனேன். எஞ்சினைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்கள். பேசினுக்குள் நாலு கிளாஸை நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. கிளாஸ்கள்தான் சிலிண்டர், சுற்றிவரத் தண்ணீர் ஓடும் பள்ளம். மேலே ஒரு பிடிமானமும் இல்லை. எஞ்சினின் இந்த உடம்புதான் புளொக், இது திறந்த புளொக்காம். நன்றாகக் குளிரும், ஆனால் டேர்போ காற்றைத் திணிக்கத் திணிக்கக் கிளாஸ்கள் ஆடும். மூடின புளொக் என்றால் அந்தப் பள்ளத்தின் வாயை ஒரு அலுமினியத் தட்டால் இறுக்கி அடைத்துவிடுவது. தண்ணீர் போக இடியப்ப உரலில் இருக்கிற மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டைகள் மட்டும். கிளாஸ் அசையாது.

மேசைக்கடியில் ஒரு உடைந்த புளொக் கிடந்தது. கண்டியில் யாரோ ஒருத்தருடையது, திறந்தது. ஒரு சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், விளிம்பு விரலைக் கீறிவிட்டது. அந்த ஆளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். நானா சோற்றுப் பார்சலை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

பெப்ரவரி 23

வீட்டில் சண்டை. திறந்ததா, மூடினதா என்று ரெண்டு பேரும் கத்திக் களைத்து, கடைசியில் என்னிடம் வந்தார்கள். தீர்ப்புச் சொல்ல நான் என்ன காதியாரா?

நானா சொன்னது: "திறந்ததையே வச்சிட்டு, காத்தைக் குறைச்சு விடுவோம் தங்கச்சி. கொஞ்சம் மெதுவாத்தான் போகும். ஆனா வீட்டுக்கு வருவார்."

காற்றைக் குறைத்தால் பிறகு டேர்போ எதற்கு என்று இவர் பாய்ந்தார். வேண்டாம் என்று நான் சொன்னால் கண்டியில் வேறு கராஜுக்குக் கொண்டுபோவார், அதுவும் எனக்குத் தெரியும். கண்ணுக்குள் அந்தப் பிளவுதான் நின்றது. விரலில் காயம் இன்னும் ஆறவில்லை.

"மூடினதையே போடுங்க" என்றேன். பெட்டியோ கதவோ, மூடியிருந்தால்தானே பத்திரம்.

இவர் கைதட்டினார். நானா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 5

நோன்பு தொடங்கியதிலிருந்து கராஜ் வேலை நின்றிருக்கிறது. இந்த நோன்பு முடியாமலே இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். அஸ்தஃபிருல்லாஹ், எதற்காக நோன்பை விரும்புகிறேன் பார்.

ஏப்ரல் 12

தட்டுப் போட்டாயிற்று. லேத் வேலை முடிந்து புளொக் புதுப் பாத்திரம் மாதிரி மினுங்குகிறது. ஓட்டைகளைக் கொஞ்சம் பெரிதாகத் துளைக்க நானாவுக்கு ஆசை. பெரிதாக்கினால் பலம் குறையும் என்று இவர் விடவில்லை. தண்ணீர் போதுமா, இல்லை கடையில் விற்கிற அந்தப் பச்சைக் கூலன்ட் வாங்க வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். அதெல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு என்றார் நானா. இந்த எஞ்சின் இத்தனை வருஷமும் நம்ம ஊர்த் தண்ணீர் குடித்துத்தானே ஓடியது. அதுவும் சரிதான்.

மே 18

நாவுல டவுன் வரைக்கும் காரில் போய் வந்தோம். டேர்போ பிடிக்கும்போது ஒரு சத்தம், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுப்பது போல. பிறகு சீற் முதுகைத் தள்ளுகிறது. ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே போனேன். ஒரு கணம் எனக்கும் பிடித்திருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

சூடு காட்டும் ஊசி நடுவிலேயே நின்றது. இவர் அதைத் தட்டிக் காட்டி, எல்லாம் உன் புத்திதான் என்றார்.

ஜூன் 15

தண்ணீர் குறைகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. தட்டின் ஓரத்தால் கசியலாம் என்கிறார் நானா, கழற்றிப் பார்க்க வேண்டுமாம். போட்டி முடியட்டும் என்கிறார் இவர். அதுவரை காருக்குள் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். காலையில் குசினிக் குழாயில் போத்தல்களை நிரப்பி வாசலில் வைப்பது என் வேலை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற மாதிரிக் காரை அனுப்புகிறேன்.

ஜூலை 13

ரேடியேட்டர் மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. இவருடைய பழைய சாரம் கிழித்த துணியால் துடைத்தேன். கோதுமை மா மாதிரி விரலில் ஒட்டியது. தூசி என்றார். தூசி இப்படியா இருக்கும்?

ஜூலை 27

ஊசி இன்றைக்கும் நடுவில்தான். இருந்தாலும் ஒரு போத்தல் கூடுதலாக நிரப்பி வைத்தேன்.

ஆகஸ்ட் 6, கண்டி

ஆஸ்பத்திரி வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து எழுதுறேன்.

ஞாயிற்றுக்கிழமை. றிவர்ஸ்டன் மலையில ஓட்டிப் பார்க்கணும்னு சொன்னார். தனியா விட மனசில்லாம நானும் போனேன். நீ ஊசியை மட்டும் பார்த்துட்டு இருன்னு சொன்னார். பார்த்துட்டுத்தான் இருந்தேன். கண்ணை எடுக்கவே இல்லை. றத்தோட்டை தாண்டி மேலே ஏற ஏற மூடுபனி, வளைவுக்கு வளைவு பள்ளம். வண்டி புரளும், உருளும்னு எதுக்கெல்லாமோ பயந்தேன். பள்ளத்துக்குத்தான் பயந்தேன்.

திடீர்னு எஞ்சினுக்குள்ள சுத்தியலால அடிக்கிற சத்தம். இழுவை போயிடுச்சு. ஓரத்துல நிப்பாட்டினார். இறங்கி பொனட்டைத் தூக்கிட்டு, "ஊசி எங்க நிக்குது?"ன்னு கேட்டார்.

"நடுவுக்கும் கீழ"ன்னேன்.

"அப்ப சூடில்ல. தண்ணிதான் இறங்கியிருக்கும். போத்தலைத் தா."

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ரேடியேட்டர் மூடியைத் திருகினார்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

லக்கலைக்குப் போய்க்கொண்டிருந்த வேன் ஒன்று எங்களைப் பார்த்துத் திரும்பி வந்தது. ஏற்றிக்கொண்டு போனார்கள். பேர்கூடக் கேட்கவில்லை, அல்லாஹ் அவங்களை நல்லா வைக்கணும். முகம், கழுத்து, ரெண்டு கை, எல்லாம் ஆவியில் வெந்திருந்தது. முகத்துக் காயம் ஆறிவிடுமாம். வலது கண் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். இடது கண்ணைப் பற்றி டொக்டர் பேசும்போது என்னைப் பார்க்காமல் பேசுகிறார்.

ஆகஸ்ட் 24

நானா எஞ்சினைப் பிரித்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டார்.

ஓட்டைகள் எல்லாம் வெள்ளை. பின் பக்கத்து சிலிண்டர்களைச் சுற்றி ஒரு ஓட்டையில்கூட வழி இல்லை. ஸ்குறூ டிறைவரால் சுரண்டினார், செதில் செதிலாக வந்தது. என் கேத்தல் அடியில் வருகிற அதே செதில். இங்கே புளொக் கொதித்திருக்கிறது, அங்கே ஊசிக்குச் சூட்டைச் சொல்கிற முனை இருந்ததோ தண்ணீர் வராத வெறும் குழாயில். வெறும் குழாய்க்கு என்ன சூடு தெரியும்.

"தட்டு ஒரு மயிரளவும் அசையல்ல பஹ்மி" என்றார். "திறந்ததா இருந்தா இந்தச் சுண்ணாம்பு ஒண்ணுமே செஞ்சிருக்காது." பிறகு அந்த எண்ணெய்த் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். ஓட்டையைச் சின்னதாகத் துளைத்தது நான்தான், ஊர்த் தண்ணீர் போதும் என்றதும் நான்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு நாளும் போத்தலை நிரப்பினது யார் என்று அவர் கேட்கவே இல்லை. மாதாமாதம் தேசிக்காயோடு அந்தப் பொருக்கை மல்லுக்கட்டித் தேய்ப்பது யார் என்றும் கேட்கவில்லை.

இவருக்குச் சொல்ல வேண்டாம் என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டோம். கேட்டால், தண்ணீர் குறைந்துபோனது, அவ்வளவுதான்.

செப்டெம்பர் 14

வீட்டுக்கு வந்துவிட்டார். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்கிறார்.

ஒக்டோபர் 5, ஞாயிறு

கேத்தல் கழுவும் நாள். இத்தனை நாளும் சட்டியில்தான் தண்ணீர் சுட வைத்தேன், கேத்தலைத் தொடப் பிடிக்கவில்லை. இன்றைக்கு எடுத்தேன். தோலைப் போட்டு அடுப்பில் வைத்தேன்.

கொதிக்கத் தொடங்கினால் இவர் முற்றத்துக்கு எழுந்து போய்விடுவார், ஆவிச் சத்தம் ஆகாது. இன்றைக்குப் போகவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு குசினி வாசல் வரை வந்து நின்றார். நான் அடுப்பைக் குறைத்தேன்.

"நேத்து ஸுஹைல் மச்சான்கிட்ட கேட்டேன்" என்றார். "தட்டு அசையவே இல்லையாம். நல்லவேளை பஹ்மி, மூடினதைப் போடச் சொன்னது நீ. திறந்ததா இருந்தா அந்த மலையிலேயே வெடிச்சு மௌத்தாகியிருப்பேன்."

கையை நீட்டி என் தோளைத் தேடினார். நான் கிட்டப் போய் நின்றேன், தோளைப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு.

பிறகு தோலை வெளியே எறிந்தேன், கேத்தலை ரெண்டு தரம் அலசினேன். குழாயில் தண்ணீர் பிடித்து இவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.