முப்பத்தோராவது ஆள்

மார்ச் 3, செவ்வாய்
முப்பது பேருக்குச் சோதனை முடிந்தது. கடைசி ஆள் வரவில்லை. ஆராய்ச்சிக்கூடத்தைத் துடைத்துப் பெருக்கும் அக்காவை உட்காரச் சொன்னேன். திரையில் இரண்டு உருண்டைகள், கணினி வரைந்த உலோகம். சில ஜோடிகளில் இரண்டும் ஒன்றே. சிலவற்றில் ஒன்று மட்டும், ஒளி பட்டுத் தெறிப்பதை முழுதாகக் கணக்கிடாமல் குறுக்குவழியில் வரைந்தது. "ஒண்ணா, வேறயா? அவ்வளவுதான்க்கா."

"இது நல்லாத் துடைச்சது. அது ஈரத்துணியால இழுத்துட்டு அப்படியே விட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

நாற்பது ஜோடிகளில் மற்றவர்களுக்கு இருபதைச் சுற்றித்தான் சரி. அக்காவுக்கு முப்பத்தேழு.

மார்ச் 4
கட்டுரையின் முடிவே 'குறுக்குவழியை யார் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதுதான். இரண்டு வருட உழைப்பு. அக்காவின் பதில்களை நீக்கினேன். காரணம்: 'கவனக்குறைவு.' யாருக்கு?

மார்ச் 6
நடைபாதையில் அக்கா பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் சொன்னதெல்லாம் சரியா?" பக்கத்தில் என் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர். "பாதிதான்க்கா சரி" என்றேன். நாக்கு கூசவில்லை. அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 18
அக்கா மூன்று நாளாக வரவில்லை.

மார்ச் 19
வந்துவிட்டார். கண்ணாடிக் கதவில் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி நின்று, துடைத்த இடத்தையே திரும்பத் துடைக்கிறார். என்னக்கா என்றேன்.

"கண் டாக்டர்கிட்ட போனேன் தம்பி. ஒண்ணுமில்லைங்கறார். ஆனா உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்கு."

ஐயோ. என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன். கம்ப்யூட்டர் சொல்லலக்கா, நான்தான் — அதைச் சொல்லக்கூட வாய் வரல. நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 20
சொல்லிவிட்டேன். முதலில் பேராசிரியரிடம். "ஒரே ஒரு ஆளுக்காகவா?" என்றார். "அவங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது சார்." நீக்கியதைத் திரும்பச் சேர்த்தேன், கட்டுரையில் 'யார் கண்ணாலும்' என்ற அந்த வாக்கியம் போயிற்று.

பிறகு அக்காவிடம். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு வாரமா சரியாத் தூங்கலப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 13
புதிய சோதனை. துப்புரவு வேலை செய்பவர்கள், பெயிண்டர்கள் என்று பளபளப்பைப் பார்த்துப் பழகிய பன்னிரண்டு பேர். அக்காவைக் கூப்பிட முகமில்லை, ஆனாலும் கூப்பிட்டேன். வந்தார். உட்காரும் முன் பையிலிருந்து சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சொல்றத நானும் எழுதி வச்சுக்கறேன். முடிஞ்சதும் ரெண்டையும் ஒத்துப் பார்ப்போம்."

"சரிக்கா" என்றேன். முதல் ஜோடியைத் திரையில் போட்டேன்.