காரணம் யாருடையது?

லூபோக் சீனா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் தங்கை அனுசியாவும் சுகம். ஜொகூரில் உங்களுக்கு முதுகுவலி குறைந்ததா? நின்றே வேலை செய்யாதீர்கள்.

தீபாவளிக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம், வர முடியாது என்று போனில் சொன்னீர்கள். நான் சரி என்று மட்டும் சொன்னேன். போனில் எனக்கு வாயே வராது, உங்களுக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நளினி டீச்சருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவர் திரும்பும்வரை கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை இலக்கிய வகுப்பை என்னை நடத்தச் சொன்னார். பள்ளியை விட்டவள் எப்படி டீச்சர் என்றேன். உனக்கு அணிகள் நன்றாக வரும், போய் நில் என்றார். முதல் வகுப்பு முழுக்க வெண்பலகையைப் பார்த்தே பேசினேன். அக்கா பலகைக்குத்தான் பாடம் நடத்துறாங்க லா என்று படிவம் நான்கில் படிக்கும் பவன் கிண்டல் செய்தான்.

நேற்று தற்குறிப்பேற்ற அணி. தானாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தம் மனத்திலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. விளக்கத்தைக் கடகடவென்று ஒப்பித்தார்கள். பாட்டில் காட்டச் சொன்னால் விழித்தார்கள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கிளேபாங் கடற்கரையில் கடல் ஏன் உள்வாங்குகிறது என்று கேட்டேன். நீர் வற்றும் நேரம் என்றார்கள். கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு உள்ளே போகிறது என்று ஒருவர் பாடினால், அந்தக் காரணம் யாருடையது என்றேன். வெட்கப்படுறது கடல் இல்லக்கா, நீங்கதான் என்றான் பவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு ஆளுக்கு ஒன்று எழுதச் சொன்னேன். அனுசியா படிவம் இரண்டுதான். வீட்டில் தனியாக விட முடியாமல் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அவளும் எழுதினாள்:

"மலாக்கா பஸ் எங்கள் ஊருக்குக் காலியாக வருகிறது, அம்மாவுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதால்."

எல்லார் வீட்டிலும் மோட்டார் சைக்கிள் இருக்கு, அதான் ஆள் இல்லை என்றான் பவன். அது உண்மைக் காரணம், இது அவளுடையது என்று சொல்லி, சரி போட்டேன். அப்புறம் கொஞ்ச நேரம் பலகைப் பக்கமே திரும்பி நின்றேன். இந்தத் தடவை யாரும் கிண்டல் செய்யவில்லை.

ஓவர்டைம் எங்களுக்காகத்தான் என்று எனக்குப் புரிகிறது. அவளுக்கும் சொல்லிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

நீங்கள் வராததற்கு அவளே ஒரு காரணம் எழுதிவிடுவதற்குள் வந்துவிடுங்கள், அம்மா.

உங்கள் அன்பு மகள்,
தர்ஷினி