பாலாறு கப்பலின் கல்

2003 ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. மாமல்லபுரம் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. பட்டறை ஓனர் ராஜேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தார். நந்திக்கு முதுகு பாலிஷ் முடிந்தது. கொம்பு நாளைக்கு.

மத்தியானம் லாரியில் ஒரு கருங்கல் பலகை இறங்கியது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். சிலைக்கு இல்லையாம், எழுத்து வெட்டுகிற கல்லாம். எழுத்து வெட்டுகிற வரதன் சொன்னான்: "அக்கா, உன் கைக்குத்தான் வந்துகீது. மூஞ்சி பாத்து பவுடர் போட்டுக்கிற மாதிரி தேய்ச்சுக் குடு." சிரித்தேன் போல இருக்கிறது.

ஆகஸ்ட் 13

இடுப்பு வலி. தேய்த்தேன்.

ஆகஸ்ட் 19

கல்லில் வெட்ட வேண்டியதை எழுதிய தாள் வந்தது. வரதன் அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு டீக்குப் போனான். நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். மிச்சம் அறிவொளி வகுப்பில் வந்தது. பெரிய எழுத்தாக இருந்தால் படித்துவிடுவேன். முதல் வரி பெரிதாக இருந்தது.

பாலாறு.

நம் ஊர் ஆற்றைப் பற்றி ஏதோ என்று நினைத்தேன். அதற்குக் கீழே காவல் கப்பல் என்று இருந்தது. கையில் இருந்த தண்ணீர் மக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

என் பூபாலன் போன கப்பல்.

வரதன் வந்ததும் முழுவதையும் படிக்கச் சொன்னேன். 1971-ல் கடலில் இறங்கியது. எண்ணெய்க் கப்பல், சரக்குக் கப்பல் எல்லாவற்றுக்கும் காவலாகக் கூடவே போனது. புயலில் மாட்டிய மீன்காரர்களை இரண்டு தடவை கரை சேர்த்தது. 1996 நவம்பர் புயலில் மூன்று வீரர்களைக் கடலுக்குக் கொடுத்தது. 2002-ல் ஓய்வு பெற்றது. கடைசியில் மூன்று பேருடைய பெயர்.

இன்னொரு தடவை படி என்றேன். படித்தான். மூன்றுதான்.

நாலு பேர் போனார்கள். நாலாவது என் பிள்ளை.

ஆகஸ்ட் 20

வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை.

அவன் அந்தக் கப்பலில் துணி தோய்க்கிற ஆள். கான்ட்ராக்டில் சேர்ந்தான். எல்லாருடைய வெள்ளை உடுப்புக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவான். ஆற்றின் பெயர் வைத்த கப்பலில் வேலை கிடைத்ததில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. லீவில் வந்தால் சொல்வான்: "எம்மா, நம்ம பாலாத்துல தண்ணி இல்ல. எங்க பாலாறு பூரா தண்ணி மேலதான் கீது, ஆனா துணி அலச பக்கெட் கணக்குலதான் வுடுவானுங்க. பேர் வச்ச ராசி."

இருபத்திரண்டு வயசு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கல்லுக்கு ஆர்டர் கொடுத்தது அந்தக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் சங்கம். செயலாளர் பாலசுப்ரமணியன் வீடு செங்கல்பட்டில். முகவரியை வரதன் எழுதிக் கொடுத்தான். போனேன்.

பெயர் சொன்னதும் எழுந்துவிட்டார். "பூபாலன் அம்மாவா? உள்ள வாங்கம்மா. கஞ்சி போடறதுல அவன அடிச்சிக்க ஆளே கிடையாது. சட்டை தானா எழுந்து நிக்கும்." அவர் வீட்டம்மா காபி கொடுத்தார்கள். ஆறிப்போன பிறகுதான் குடித்தேன்.

அன்றைக்கு நடந்ததை ஏழு வருஷம் கழித்து இன்றைக்குத்தான் ஒருத்தர் எனக்கு முழுசாகச் சொன்னார். கப்பலின் மேலே ஒரு படகு கட்டு அவிழ்ந்து ஆடியிருக்கிறது. கட்டுவதற்கு மூன்று பேர் போனார்கள். கயிறு பிடிக்க இன்னொரு கை தேவைப்பட்டது. பூபாலன் போய்ப் பிடித்ததும் ஒரு அலை நாலு பேரையும் வாரிக்கொண்டு போனது.

"அவன யாருங்க கூப்ட்டது?"

"யாரும் கூப்பிடலம்மா. அவனா ஓடினான்."

அவன் வேலையா அது? துணி தோய்க்கிறவன். உள்ளேயே இருந்திருக்கலாம். ஏண்டா போன?

"ஒரே கயித்துலதான போனாங்க? ஒரே அலைலதான? அப்ப ஒரே கல்லுல வச்சா இன்னா சார்?" என்று கேட்டேன்.

தலை குனிந்துகொண்டார். கப்பல் புத்தகத்தில் அவனுக்கு நம்பர் இல்லையாம். நம்பர் இல்லாத ஆள் பட்டியலில் வரமாட்டானாம். துணி கான்ட்ராக்ட் எடுத்தவரும் செத்துப்போனார். "அவனோட பாஸ் அட்டை இருந்தா கொண்டாங்க. கப்பல்ல இருந்தான்னு ஒரு அத்தாட்சி. கமிட்டில வச்சுப் பேசறேன்."

"நீங்க கண்ணால பாத்தீங்களே."

"நான் பார்த்தது அத்தாட்சி ஆகாதும்மா."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கப்பலை உடைத்துவிட்டார்கள். இரும்பாகப் போய்விட்டது. இனிமேல் அந்தக் கப்பல் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் கல்தான்.

ஆகஸ்ட் 25

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவன் பள்ளிக்கூட மார்க் அட்டை இருக்கிறது. பெல்ட் இருக்கிறது. பாஸ் இல்லை.

ஆகஸ்ட் 26

மகள் லதா நாவலூரில் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறாள். ராத்திரி பஸ்ஸைப் பிடித்து வந்தவள் பெட்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். எதைத் தேடுகிறாய் என்றாள். சொன்னேன்.

பெல்ட்டை எடுத்துச் சுருட்டினாள். பிறகு, "நீதான எம்மா சட்டப் பையில வச்ச" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வருகிறது. உடம்பு கிடைக்கவில்லை. வைக்கோலில் ஆள் கட்டித்தான் காரியம் செய்தோம், நம் ஊர்ப் பாலாற்றில். அவனுடைய நீலச் சட்டையை வைக்கோலுக்குப் போட்டார்கள். அதற்கு முகம் இல்லை. முகம் இல்லாமல் எப்படிப் பிள்ளையை அனுப்புவது? கப்பலிலிருந்து வந்த அவன் சாமானில் பாஸ் அட்டை இருந்தது, அதில் அவன் போட்டோ. அதைப் பையில் வைத்தேன், போட்டோ வெளியே தெரிகிற மாதிரி. என் தம்பி கொளுத்தினான். ஆற்றில் தண்ணீர் இல்லை. ஊற்று தோண்டித்தான் குளித்தோம்.

அவன் அந்தக் கப்பலில் இருந்ததற்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு அட்டை. வைத்தது நான்.

லதா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அண்ணன் பேரு கல்லுல இருந்தா மட்டும் எழுந்து வந்துடுமா? படு" என்றாள். அவளும் தூங்கவில்லை.

செப்டம்பர் 3

பாலிஷ் முடிந்தது. குனிந்தால் என் முகம் தெரிகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 10

வரதன் வெட்ட ஆரம்பித்தான். முதலில் பாலாறு. இந்தக் கல்லை ஆறு கடலில் சேருகிற இடத்தில், சதுரங்கப்பட்டினம் தாண்டி வைக்கப்போகிறார்களாம். கப்பலுக்குப் பெயர் கொடுத்த ஆறு என்பதால். மேடை கட்டி, லேசான சாய்வில் படுக்க வைப்பார்களாம், பள்ளிக்கூடத்து டெஸ்க் மாதிரி.

சாயங்காலம் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னான்: "அக்கா, கல்லுக்குப் பின்னாடி தம்பி பேர வெட்டிடறேன். சிமெண்ட்டுல போயிடும். எவனுக்கும் தெரியாது."

"வாணாம் வரதா. அவன் ஏற்கெனவே அடியிலதான் கீறான்."

அவன் உளியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

செப்டம்பர் 25

அமாவாசை. கடலுக்குப் போகவில்லை. என்னத்தைப் போய்...

அக்டோபர் 4, சனி

ஆயுத பூஜை. உளி, சுத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். பொரி, சுண்டல். ஓனர் எல்லாருக்கும் துண்டு கொடுத்தார், எனக்கு ரவிக்கைத் துணி.

பூஜை முடிந்ததும் வரதன் கூப்பிட்டான். கல்லைப் போர்த்தியிருந்த சாக்கை விலக்கினான். மூன்று பெயருக்குக் கீழே, முன்பக்கத்திலேயே, லேசாகக் கொத்திவைத்திருந்தான். ஆழமாக வெட்டவில்லை, முதல் கொத்துதான். பூபாலன். ஓனருக்குத் தெரியும் போல. வேறு பக்கம் திரும்பிப் பொரி தின்றுகொண்டிருந்தார்.

விரலால் தடவினேன். நாலு எழுத்து. சுரசுரப்பாக இருந்தது.

"கமிட்டிக்காரங்க பாத்தா?"

"பாக்கட்டும். வந்து பாத்தா மனசு மாறாதா இன்னா?"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கூடாது, ஆனால் தோன்றியது. பஸ்ஸில் வரும்போது அந்தத் துணியில் ரவிக்கை எப்படித் தைப்பது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷம் ஆயிற்று அப்படி யோசித்து.

அக்டோபர் 9

பாலசுப்ரமணியனும் கூட இரண்டு பேரும் கல்லைப் பார்க்க வந்தார்கள். கூட வந்தவர்களில் உயரமானவர் விரலை வைத்து, "இது யாரு?" என்றார்.

வரதன் சொன்னான். நானும் எழுந்து நின்றேன், கையில் தண்ணீர் மக்கோடு.

அந்த மனுஷர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவில்லை. "அம்மா, எனக்கும் வருத்தம்தான். இவர எழுதினா நாளைக்கு சமையல் ஆளு, முடி வெட்ற ஆளுன்னு எல்லார் வீட்லயும் கேப்பாங்க. தலைமை ஆபீஸ்ல ஒத்துக்கிட்ட வாசகம் இது. ஒரு எழுத்து மாத்த முடியாது."

பாலசுப்ரமணியன் என்னைப் பார்க்கவே இல்லை. நல்லா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு ஓனர் என்னிடம் வந்தார். லேசாகக் கொத்தின எழுத்து, தேய்த்தால் போய்விடும். பட்டறையில் தேய்க்கிற ஆள் நான்தான். "வேற ஆள வரவழைக்கிறேன் செங்கம்மா, நீ ரெண்டு நாள் வூட்ல இரு."

வேற ஆள் வேண்டாம் என்றேன். வேறு எவளோ எதற்கு அவன் மேல் கை வைக்க வேண்டும்?

அக்டோபர் 10

பூவின் சுழியும் பாவின் காலும் மறைந்தன. ப, ல, ன இன்னும் தெரிகிறது. 

அக்டோபர் 11

முடிந்தது. வரதன் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை.

அக்டோபர் 24

தீபாவளி. லதா புதுப் புடவை எடுத்து வந்தாள். கட்டினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

கல் திறந்தார்கள். பந்தல், மைக், நாற்காலி. மூன்று குடும்பத்தையும் முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போடச் சொன்னார்கள். ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், மகன் பெயர் மேல் கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் பிள்ளை பிடித்த கயிற்றைத்தானே இவனும் பிடித்தான்.

நான் ஓரமாக, பட்டறை ஆட்களோடு நின்றேன். கப்பலின் கதையை மைக்கில் படித்தார்கள். மூன்று வீரர்கள் என்றபோது வரதன் என் பக்கம் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன். மணல்.

டிசம்பர் 3

ராத்திரி முழுக்க மழை. காலையில் விட்டதும் பட்டறைக்குப் போகாமல் சதுரங்கப்பட்டினம் பஸ் ஏறினேன். ஏன் என்று தெரியவில்லை.

அங்கே யாரும் இல்லை. மாலை எல்லாம் அழுகிப்போய்க் கிடந்தது, எடுத்து ஓரமாகப் போட்டேன். வெயில் அடித்துக் கல் முழுக்கக் காய்ந்திருந்தது. மூன்று பெயருக்குக் கீழே மட்டும் ஈரம். குனிந்து பார்த்தேன். நான் தேய்த்த இடம் கொஞ்சம் பள்ளமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம். அதில் தண்ணீர் நிற்கிறது, ஒரு கை அகலத்துக்கு.

கருங்கல்லில் தண்ணீர் நின்றால் வெள்ளைக் கறை பிடிக்கும். பிறகு என்ன தேய்த்தாலும் போகாது. முந்தானையால் ஒற்றி எடுத்தேன்.

மழைக்காலம் முடிகிற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவையாவது வர வேண்டும்.