புள்ளி வைக்காத பெயர்

தங்கச்சி, இன்று காலை எங்கள் வீட்டுக் குசினியில் கொக்கோ மணக்கிறது. மகள் கேக் செய்யத் தொடங்கினாள். முட்டை போதாது என்று மூலைக் கடை டெய்ரிக்குப் போயிருக்கிறாள். திறந்தபடி விட்டுப் போன கொக்கோப் பேணியின் மணம் மெல்ல நடந்து என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீங்கள் வந்து நின்றது போலவே இருந்தது. உடனே மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேக் வெந்து, ஆறி, எல்லோரும் தின்று முடித்தாலும் நான் இந்தப் பக்கத்தில்தான் இருப்பேன். எழுதுகிறேன் என்பதே எனக்கு இனிப்பு.

பாட்டனி டவுன்ஸ் மண்டபத்தில் முதியவர்கள் கூடும் நாட்களில், நாங்கள் யாழ்ப்பாணத்து ஆண்கள் ஒரு மேசையில் சீட்டுக் கட்டோடு முந்நூற்று நாலு விளையாடுவோம். ஈப்போவில் இருந்து வந்த நீங்கள் யன்னலோரம் தனியாக இருந்து படம் வரைவீர்கள். ஒருநாள் தேநீர் எடுக்க வந்தபோது எட்டிப் பார்த்தேன். மண் நிறத்தில் ஒரு பாத்திரம். அதன் விளிம்பில் ஒரு மீன்.

"இதென்ன தங்கச்சி, மீன் குழம்புச் சட்டியே?"

"சாக்லேட் குடிக்கிற கோப்பை அண்ணே."

"சாக்லேட்டுக்குள்ள மீனைப் போட்டவையே!"

"அது எழுத்து லா. மாயா எழுத்து. மீன் படம் போட்டா 'க'ன்னு படிக்கணும். 'ககாவ்'ன்னா கொக்கோ. அவங்க கோப்பையில என்னா குடிக்கிறாங்கன்னு கோப்பையிலயே எழுதி வச்சிருக்காங்க."

எனக்கு அப்போது ஒரு மொழியிலும் ஒரு எழுத்தும் தெரியாது. சின்ன வயதிலேயே மீன் பிடிக்கத் தோணியில் ஏறியவன் நான். பிறகு சண்டை, பிறகு இந்த நாடு. எல்லாவற்றையும் மகள் வாசித்துச் சொல்லுவாள், அவள் காட்டிய இடத்தில் ஒரு கோடு இழுப்பேன். மீனைக் காட்டி ஒருவர் எழுத்துச் சொல்வார் என்று நான் நினைத்ததே இல்லை. மீன் எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சில் மீனுக்குக் 'கய்' என்று பெயர், அதனால்தான் 'க' என்றீர்கள். "எங்களுக்கும் மீன் கயல்தானே!" என்று கத்திவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே மீனுக்குப் பக்கத்தில் எங்கள் 'க'வையும் போட்டுக் காட்டினீர்கள். அன்றைக்கே உங்களிடம் எழுத்துப் பழகத் தொடங்கினேன், சீட்டு மேசையில் உங்களுக்கு 'ரீச்சர்' என்று பேரும் விழுந்தது.

அடுத்த முறை வந்தபோது சீட்டு மேசையில் ஒரு பெரிய செய்தி சொன்னேன். "மாயா எண்டால் வேற ஆருமில்லை, எங்கட மயன்தான். அசுரருக்கு மாளிகை கட்டின மயன்! அங்க காட்டுக்குள்ள கோபுரம் கட்டினதும் அவன்தான். மீனுக்கும் எங்கட பேர்தான் வைச்சிருக்கினம்." எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் உடனே வாட்ஸ்அப்பில் போடப் போனைத் தேடினார்.

நீங்கள் தூரிகையை வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள்.

"ஏன் அண்ணே, உலகத்துல நல்லா இருக்கிறதெல்லாம் நம்மளுதா? அந்த ஆளுங்க செத்துப் போகல லா. குவாத்தமாலாச் சந்தையில உக்காந்து இன்னிக்கும் அந்தப் பேச்சுதான் பேசுறாங்க. அவங்க செஞ்சது அவங்க பேர்லயே இருக்கட்டும்."

"கோவிக்காதேங்கோ ரீச்சர்," என்றார் சீட்டு பிரித்துக்கொண்டிருந்தவர். "மயன் விசா எடுத்துக்கொண்டு போயிருப்பான்."

உங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கண் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அப்போதுதான் மற்றப் படங்களைப் புரட்டிக் காட்டினீர்கள்.

அவற்றில் நூறு வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரப் பெண்கள். நிலத்தைத் தொடும் பாவாடை, தலையில் தொப்பி. காட்டுக்குள் இடிந்து கிடந்த மாயாக் கோயிலில் ஏணி வைத்து ஏறி, கொசுக்கடியிலும் காய்ச்சலிலும் சுவர்ச் சித்திரங்களைத் தாளில் இறக்கியவர்கள். பெண்கள் தனியாகக் கடைக்குப் போனாலே ஊர் கதைத்த காலத்தில் கடல் தாண்டிப் போனவர்கள் என்றீர்கள். சில சுவர்களில் இன்றைக்கு நிறமே இல்லை, அந்தச் சிவப்பும் நீலமும் அவர்கள் தாளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது என்றீர்கள். "ஆனா நிறைய தாளுக்குக் கீழ அவங்க பேரு இல்ல அண்ணே. புத்தகம் போட்டவரு பேருதான்."

அன்று வெளியே நல்ல மழை. நான் யன்னலோரம் இருந்து கொஞ்சம் கண் மூடினேன். மழை பெரிய இலைகளில் விழுகிற சத்தம். எங்கேயோ குரங்கு கத்துகிறது. ஈரக் கல்லில் இருந்து நிறங்கள் புகை போல எழும்பி, ஏணியில் நிற்கும் ஒரு பெண்ணின் கைக்குள் போகின்றன. அவள் திரும்பினாள். உங்கள் முகம். கண் திறந்தபோது நீங்கள் தூரிகை கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் படங்களின் கீழ் மூலையைப் பார்த்தேன். ஒன்றிலும் பெயர் இல்லை.

"உங்கட பேர் எங்க தங்கச்சி?"

"முடிஞ்சாதானே போடணும். இன்னும் முடியல லா."

முடியும் முன்னே நோய் வந்துவிட்டது. மனுகாவ் நூலகத்தில் படங்களை மாட்ட நாளும் குறித்தாயிற்று. ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்க வந்தபோது உங்கள் மகன், நல்ல பிள்ளை, கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் சொன்னான், பெயரை அச்சடித்து ஒட்டிவிடலாம் என்று. நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

"ஒட்டினது உரிஞ்சி விழுந்துடும். தமிழ்ல வேணும். படத்து மேலயே வேணும். என் கை நடுங்குது. அண்ணே எழுதுவாங்க."

"நானோ? நான் எங்க எழுதிறன் தங்கச்சி? பார்த்துப் பார்த்துக் கீறுறன்." எங்கள் ஊரில் படத்தைக் கீறுவோம், எழுத்தை எழுதுவோம். எனக்கு இரண்டும் கீறல்தான் என்று சீட்டு மேசையில் எப்போதும் கேலி.

"அதுதான் சரி," என்றீர்கள். "அந்த மாயாக்காரங்களுக்கு எழுதுறதுக்கும் படம் போடுறதுக்கும் ஒரே சொல்லுதான். கீறுங்க."

முதல் படத்தின் மூலையில் உங்கள் பெயரைக் கீறினேன். மூச்சை அடக்கிக்கொண்டு, தோணியின் முன்முனை அணியத்தைத் திருப்புகிற மாதிரி ஒவ்வொரு வளைவாக. மகன் அதைப் போனில் படம் எடுத்து உங்களிடம் கொண்டு வந்தான். நானும் கூட வந்தேன். நீங்கள் நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, அந்த இளைத்த உடம்பு குலுங்கச் சிரித்தீர்கள்.

"அண்ணே, கடைசி எழுத்துக்குப் புள்ளி எங்க?"

"ஐயோ. வைக்கிறன், இப்பவே போய் வைக்கிறன்."

"வேணாம். அந்த மாயாக்காரங்ககிட்டயும் வாயை மூடுற புள்ளி கிடையாது. முழு எழுத்தா எழுதிட்டு, படிக்கும்போதுதான் மூடிக்குவாங்க. எல்லாத்துலயும் இப்படியே போடுங்க. யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியணும்ல."

எல்லாப் படங்களிலும் அப்படியே எழுதினேன். கடைசிப் படம் காயும்போது நீங்கள் இல்லை.

நூலகத்தில் மாட்டிய அன்று, தமிழ்நாட்டுப் பிள்ளை ஒருத்தி படத்துக்கு மிக அருகில் போய் உங்கள் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "யாரோ புள்ளி வைக்க மறந்துட்டாங்க போல," என்று கூட வந்தவனிடம் சொன்னாள். "ஆமா, ஆனா யாரு வரைஞ்சதுன்னு தெரியுதுல்ல," என்றான் அவன். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோசத்தில் கால் நிலத்தில் இல்லை.

இப்போது மகள் வந்துவிட்டாள். நான் எழுதியதை எட்டிப் பார்த்து, புள்ளிகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்கிறாள். ஓம், பழகிவிட்டேன். உங்கள் பெயருக்கு மட்டும் இன்னும் வைக்கவில்லை. தனியே இருக்கும்போது அதை எழுதியிருக்கிற மாதிரியே, புள்ளி இல்லாமல் சொல்லிப் பார்ப்பேன். கடைசியில் வாய் மூடாது. மூச்சு இருக்கும் வரைக்கும் இழுத்துக்கொண்டே போகலாம்.