மதர்போர்டு ஃபேனும் சுமதியின் தூக்கமும்

அக்டோபர் 13, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. திருப்போரூரே வேர்த்துக் கொட்டுகிறது.

சுமதி நைட் டூட்டி முடிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். சாப்பிடாமல் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என் கம்ப்யூட்டர் கத்துகிறதாம். ரெண்டு வாரமாகவாம். நான் எப்போதும் ஹெட்போனோடு ஆபீஸ் வேலையில். எனக்கு எப்படித் தெரியும்?

கழற்றிவிட்டுக் கேட்டேன். கர்ர்ர். மாவு மிஷின் தோற்றது. வெட்கமாகிவிட்டது.

"வார்டுல கூட இவ்ளோ சத்தம் இல்ல. பகல் பூரா இது கத்திகினு கீது, நான் எப்பத் தூங்கறது? அக்கா வூட்டுக்குப் போய்டறேன்."

அக்கா வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு. அங்கே இருந்தால் பஸ் அலைச்சலே இல்லை. போனவள் திரும்பி வர எனக்கே ஒரு காரணம் தோன்றவில்லை. வியாழன் வரை டைம் கேட்டிருக்கிறேன்.

அக். 14, செவ்வாய்

அதே புழுக்கம். ஹாலுக்கு மாற்றலாம் என்றால் அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மிஷின் வெந்துவிடும். ஏ.சி. பெட்ரூமில் மட்டும்தான்.

கேபினட்டின் பக்கத் தகடு சூட்டுக்காக எப்போதும் கழற்றியேதான் இருக்கும். ஃபேன்களை நடுவில் தொட்டு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். பெரியது இல்லை. பின்னால் இருப்பதும் இல்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில், மதர்போர்டோடு ஒட்டி ஒரு குட்டி ஃபேன். என் தடி விரல் நுழையவில்லை. காது குடையும் பட்ஸால் நிறுத்தினேன். அமைதி. எடுத்தேன். கர்ர்ர்.

இத்தனூண்டுக்கு இவ்வளவு குரலா.

வாங்க: பால், கொசுவத்தி, இவளுக்குத் தலைவலி மாத்திரை.

அக். 15, புதன்

காலையில் தூறல், நாலு சொட்டு. செட்டிங்கில் போய் அந்த ஃபேனின் வேகத்தைக் குறைத்தேன். சத்தம் நின்றது. ஹீரோ மாதிரி உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போது சூடேறி மிஷின் அணைந்தது. டீமில் ஆளைக் குறைக்கப்போவதாக ஒரு மாசமாகவே பேச்சு. இந்த நேரத்தில் மீட்டிங்கில் காணாமல் போனது நான் ஒருவன்தான். பழைய வேகத்துக்கே வைத்தேன். சுமதி தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடை. "கடல் காத்து அண்ணாத்த, உப்பு புடிச்சிகீது," என்றார் கடைக்காரர். புது ஃபேன் வர ஒரு வாரம் ஆகுமாம். அதுவரை ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால் கட்டில் மேல் அவள் பை. உள்ளே ரெண்டு நைட்டி, யூனிஃபார்ம். பையை அங்கேயே வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அக். 16, வியாழன்

விடியற்காலையில் நல்ல மழை. கார்டைக் கழற்றி, திருகுகளைக் கழற்றி, ஃபேனை வெளியே எடுத்தேன். எண்ணெய் பாட்டில் தயாராக.

ஒரு இறக்கையில் மட்டும் காய்ந்த சந்தனம். கல்லாக. மேலே குங்குமம்.

ஆயுத பூஜை. ஸ்கூட்டி, மிக்ஸி, கத்தரிக்கோல் என்று வீட்டையே சுற்றிப் பொட்டு வைத்தவள் சுமதி. அவள் விரல் மெலிசு. ஒரு பக்கம் மட்டும் கனம் ஏறி, ரெண்டு வாரமாக ஆடி ஆடிச் சுற்றியிருக்கிறது. உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து மாட்டினேன். மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு. பாவம்.

வந்தாள், படுத்தாள். மதியம் தாண்டியும் எழவில்லை. ரெண்டு தடவை போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். என் பைத்தியக்காரத்தனம்.

எழுந்து முகம் கழுவி வந்தவள் நேராகக் கேபினட் முன்னால் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பொட்டு எங்க?"

சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுதான் சத்தம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"உன் ஆபீஸ்ல ஆளைத் தூக்கறாங்கன்னு சொன்ன இல்ல. அதான் சுத்தறதுலயே வெச்சேன். நிக்காம சுத்தணும்னு."

அதை நான் சொன்னபோது அவள் அரைத்தூக்கத்தில் இருந்தாள். காதில் விழவில்லை என்றே நினைத்திருந்தேன்.

பையைத் திறந்து ஒரு நைட்டியை எடுத்துக் கொடியில் போட்டாள். அப்புறம் இன்னொன்று. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப உன் வேலைக்கு இன்னா பண்றது?"